பின் தட்டுக்கு நான்கு கோல்கள்

யோகோசுகா துறைமுகம்
மார்ச் 14, 1997

அன்புள்ள ரோண்டா அக்கா,

நான் நலம். இயந்திர அறைச் சத்தத்தில் காது மட்டும் இரைந்துகொண்டிருக்கிறது. கரையிறங்கி இரண்டு நாள் நடந்தால் சரியாகிவிடும். நீயும் ஹார்லன் அத்தானும் சௌக்கியமா?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். செப்டம்பர் இருபதாம் தேதி பிக்விக் ஏரியில் நடக்கும் பாஸ் மீன் போட்டிக்குப் பேர் கொடுக்கப்போகிறாய், அதுவும் பின் தட்டுக்காரியாக. முன் தட்டில் நின்று படகை நடத்துகிறவன் போகிற இடத்துக்கெல்லாம் போய், அவன் எறிந்து முடித்த தண்ணீரில் எறிய வேண்டும். அவன் ஐந்து மீன் கொண்டுவரலாம், நீ மூன்று. யாருடைய படகு என்பதே முந்தைய நாள் மாலை சீட்டுக் குலுக்கினால்தான் தெரியும். வீட்டுக் கொட்டகையில் பத்தொன்பது அடிப் படகு நிற்கும்போது இது எதற்கு என்று புரியவில்லை. "ஒரு தடவையாவது நான் பிடித்த மீனோடு நானே எடை மேடையில் ஏற வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். சரி, அதுதான் காரணமென்றால் அதுவே இருக்கட்டும்.

எத்தனை கோல், என்ன ரீல் என்று கேட்டாய். நான்கு. ஐந்தாவதைக் கொண்டுபோனால் படகுக்காரன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான். பின் தட்டு உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைவிடச் சின்னது. முதல் கோல் ஆறரை அடி, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலான விறைப்பு, கோலின் மேல் உட்காரும் உருளை ரீல், பதினான்கு பவுண்டு நரம்பு. வேகமாக இழுக்க வேண்டியதெல்லாம் அதில். இரண்டாவது ஏழு அடி, விறைப்பானது. ஈயக்குண்டை அடித்தரையில் இழுத்துக்கொண்டு, மூன்றடி பின்னால் ரப்பர் புழுவை மிதக்கவிட. மூன்றாவது ஆறடி, கோலுக்குக் கீழே தொங்கும் ரீல், எட்டுப் பவுண்டு நரம்பு, சின்ன இரைகளுக்கு. நான்காவது கண்ணாடி நார்க் கோல், கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஐந்து சுற்று மட்டுமே சுற்றும் மெதுவான ரீல். ஆழத்தில் முங்கி ஓடும் இரைக்கு அது வேண்டும். கார்பன் கோல் மிகச் சீக்கிரம் பதில் சொல்லும், மீன் வாயிலிருந்து தூண்டில் முள்ளைப் பிடுங்கிவிடும்.

எதையும் வாங்காதே. அத்தானிடம் முப்பது கோலாவது இருக்கும். கேட்டு எடுத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
கெண்டல்

---

கில்லன், அலபாமா
ஏப்ரல் 9, 1997

என் அருமைத் தம்பி,

இங்கே மழை விட்டுவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை, இடது முழங்கால் பேருந்தின் கிளட்சை மிதிக்கும்போது மட்டும் முனகுகிறது. காதில் பஞ்சு வைத்துக்கொள். நீ வைக்க மாட்டாய் என்று தெரியும்.

நீ சொன்ன நான்கில் மூன்றை வாங்கிவிட்டேன். நான்காவது வேண்டாம். முங்கி ஓடும் இரையை முன் தட்டில் நிற்கிறவன் காலை முதல் எறிந்துகொண்டிருப்பான். அவன் எறிந்ததையே நானும் எறிந்தால் மீன் எதற்கு இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்கப்போகிறது? அவன் விட்டுவைப்பதுதான் எனக்கு. அப்படி யோசித்தால் நீ சொன்ன இரண்டாவது கோல்தான் என் கோல்.

பள்ளிப் பேருந்து நிற்கும் வளாகத்தில் பழகுகிறேன். என் டிரக்கின் பின்பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டு, அதைத் தாண்டாமல் நிற்கிறேன். இருபது கஜத்தில் ஒரு வாளி. சக ஓட்டுநர் பெர்லீன் எனக்கு முன்னால் நாற்காலி போட்டுப் படகுக்காரனாக உட்கார்ந்திருக்கிறாள், தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு. நேற்று ஈயக்குண்டு அந்தத் தொப்பியைத் தட்டிவிட்டது. "ரோண்டா, வாளி அந்தப் பக்கம்டி. நான் என்ன பன்னெண்டு பவுண்டு பாஸா?" என்றாள். அதற்குப் பிறகும் எழுந்து போகவில்லை, நல்ல பெண்.

உனக்கு இஷ்டமான சோள ரொட்டி மாவு ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். கப்பல் சமையல்காரரிடம் கெஞ்சிப் பார்.

என்றும் உன்
ரோண்டா

---

கடலில்
மே 4, 1997

அக்கா,

நலம். பஞ்சு வைக்கவில்லை. மாவு வந்தது, சமையல்காரர் அதில் சர்க்கரை போட்டுக் கெடுத்துவிட்டார், மிச்சத்தைப் பூட்டிவைத்திருக்கிறேன்.

நான்காவது கோலை விட்டது தப்பு. படகுக்காரன் வேறு எதையாவது எறிந்தால் என்ன செய்வாய்? முப்பது சீட்டில் எது விழும் என்று உனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் எல்லாவற்றுக்கும் தயாராகப் போக வேண்டும், இதைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இன்னொன்று. ஏன் வாங்கினாய்? வாங்காதே என்று எழுதியிருந்தேன். உறையில் முகவரியும் மாறியிருக்கிறது. ரோஜர்ஸ்வில் வீட்டுக்கு என்ன ஆயிற்று? படகுக் கொட்டகையைப் பெரிதாக்குகிறாரா அத்தான்?

கெண்டல்

---

கில்லன்
மே 24, 1997

அன்புத் தம்பிக்கு,

நேற்றோடு பள்ளி முடிந்தது. கோடை முழுவதும் விடுமுறை, முழங்காலுக்கும் சேர்த்து. நீ எப்படி இருக்கிறாய்? கடலில் இருக்கிறாய் என்று மட்டும் எழுதினால் எந்தக் கடல் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏழடிக் கோலின் அடிப்பகுதியை இரண்டரை அங்குலம் அறுத்துவிட்டேன். நான் ஐந்தடி இரண்டு அங்குலம்; மிதவைச் சட்டை போட்டால் கோலின் அடி ஒவ்வொரு எறிக்கும் விலாவில் இடிக்கிறது. ரம்பம் பக்கத்து வீட்டில் வாங்கினேன். நீ கத்துவாய் என்று தெரிந்துதான் அறுத்த பிறகு எழுதுகிறேன். இப்போது வாளிக்குள் பத்துக்கு ஏழு விழுகிறது.

இங்கிருந்து பேருந்து வளாகம் பக்கம். ஜன்னலைத் திறந்தால் காற்று நன்றாக வருகிறது. கத்திரிச் செடி வைத்திருக்கிறேன்.

முத்தங்களோடு
ரோண்டா

---

யோகோசுகா
ஜூன் 10, 1997

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோலை அறுத்ததற்குக் கத்தப் போவதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ரீல் கனமாக இருப்பதால் சமநிலை அரை அங்குலம்தான் முன்னால் போகும். உன் உயரத்தை நான் யோசிக்கவே இல்லை, தப்பு என்னுடையது.

ஆனால் நான் எண்ணுகிற வேலை பார்க்கிறவன். பிப்ரவரியிலிருந்து நீ எழுதிய கடிதங்களை எடுத்து வைத்து எண்ணினேன். முதல் இரண்டில் ஹார்லன் அத்தான் பேர் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. படகும் இல்லை, அவர் டிரக்கும் இல்லை. கோல்களைக் கடையில் வாங்குகிறாய். ரம்பத்தைப் பக்கத்து வீட்டில் வாங்குகிறாய், அத்தான் பட்டறையில் ரம்பம் நான்கு இருக்கும்போது. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அவர் செத்துவிட்டாரா, நீங்கள் பிரிந்துவிட்டீர்களா?

பதில் போடு. கத்திரிச் செடி பற்றி வேண்டாம்.

கெண்டல்

---

கில்லன்
ஜூன் 29, 1997

தம்பி,

நான் நன்றாக இருக்கிறேன், அதை முதலில் நம்பு.

ஹார்லன் உயிரோடுதான் இருக்கிறான். பிப்ரவரியில் நான் வெளியே வந்துவிட்டேன். வக்கீல் ஆகஸ்டில் முடிந்துவிடும் என்கிறார். நீ தூரத்தில் இருக்கிறாய், நமக்கு இருப்பது நாம் இருவர்தான், எதற்கு உன் தூக்கத்தைக் கெடுப்பது என்று எழுதவில்லை. அது பாதி உண்மை. காரணம் கேட்பாயே என்று பயந்தேன் என்பது மீதி. சொல்லும்படி ஒரு காரணம் என்னிடம் இல்லை. அவன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, வேறு பெண்ணும் இல்லை.

பதினொரு வருடம் அவன் ரீல்களுக்கு நரம்பு சுற்றினேன். முடிச்சுகள் எல்லாம் என் கையால் போட்டவை. போட்டி நாளில் படகு இழுவண்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்டு சாயங்காலம் வரை கரையில் காத்திருப்பேன். ஒத்திகை நாளில் மட்டும் படகில் ஏற்றுவான், கைவலை பிடிக்க. ஒரு முறை, வீலர் ஏரியில், நானும் ஒரு எறி எறியட்டுமா என்று கேட்டேன். "இந்த முனை தாண்டட்டும் ரோண்டா," என்றான். அந்த முனைக்குப் பிறகு இன்னொரு முனை வந்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை, கெண்டல். அவன் மறந்துவிட்டான், அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியில் மிகவும் சந்தோஷமாக இருந்தான், எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தான்.

இதைப் படித்தால் உனக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கும் எழுதும்போது அப்படித்தான் தெரிகிறது.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.
ரோண்டா

---

கடலில்
ஜூலை 12, 1997

அக்கா,

நலம். உன் கடிதம் நேற்று வந்தது, இன்றே எழுதுகிறேன்.

இது ஒரு காரணமா? வால்வு கசிகிறது என்பதற்காகக் கப்பலை உடைத்துப்போட மாட்டோம். கசிவைப் பிடித்து இறுக்குவோம். அவரிடம் வாய் திறந்து கேட்டாயா, "எனக்கும் எறியணும்" என்று இன்னொரு தடவை? அத்தான் நல்ல மனிதர். பதினாறு வயதில் எனக்கு இழுவண்டியைப் பின்னால் தள்ளக் கற்றுக்கொடுத்தது அவர்தான். நான் கடற்படையில் சேர்ந்தபோது பேருந்து நிலையத்தில் அழுததும் அவர்தான், நீ இல்லை. வக்கீல் முடிப்பதற்குள் ஒரு முறை உட்கார்ந்து பேசு.

கெண்டல்

---

யோகோசுகா
ஆகஸ்ட் 30, 1997

ரோண்டா அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? ஏழு வாரமாகத் தபால் பைக்குள் கையை விட்டுப் பார்க்கிறேன். மற்றவர்களுக்கெல்லாம் வருகிறது.

நான் எழுதியது முட்டாள்தனம். பதினாறு மணி நேர வேலை முடித்துவிட்டு எழுதினேன். அது சாக்கு இல்லை, தகவல்.

என் பெட்டியில் வீட்டுப் புகைப்படங்கள் இருக்கின்றன. போன வாரம் எடுத்து அடுக்கினேன். மீனோடு எடுத்தவை பதினான்கு. பதினான்கிலும் மீன் அத்தான் கையில். இரண்டில் நானும் பக்கத்தில் நிற்கிறேன். நீ ஒன்றிலும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்தது நீதான் என்பது புரிய எனக்கு இத்தனை நாள் பிடித்தது. ஒரு படத்தின் மூலையில் புல் மேல் உன் நிழல் விழுந்திருக்கிறது, இரண்டு முழங்கையும் தூக்கியபடி.

இங்கே ஒரு கடையில் தொங்கும் ரீல் ஒன்று வாங்கினேன். பிரித்து, கழுவி, புது எண்ணெய் போட்டு அனுப்புகிறேன். பிரேக்கை இரண்டே கால் பவுண்டில் தராசு கட்டி வைத்திருக்கிறேன். நீ உன் இஷ்டப்படி மாற்றிக்கொள். வேண்டாமென்றால் பெர்லீனுக்குக் கொடு.

கெண்டல்

---

கில்லன்
செப்டம்பர் 12, 1997

கெண்டல் கண்ணா,

சுகம்தான். கோபமாக இருந்தேன், பிறகு சோம்பலாக இருந்தேன், பிறகு உன் ரீல் வந்தது. பெர்லீனுக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதியே விவாகரத்து கையெழுத்தாகிவிட்டது. மறுபடி ரோண்டா டிட்வெல் ஆகிவிட்டேன். போட்டிப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: "உங்கள் உறவினர் யாராவது கலந்துகொள்கிறார்களா?" கணவன் மனைவியோ அண்ணன் தம்பியோ ஒரே படகில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகக் கேட்பார்கள். முன்பெல்லாம் ஹார்லனின் படிவத்தை நான்தான் நிரப்புவேன். இந்தத் தடவை என் பேரை எழுதி, அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். பெரிய எழுத்தில். ஹார்லன் அந்த வாரம் கென்டக்கி ஏரிக்குப் போகிறான் என்று கேள்வி.

இனி அடுத்த சனிக்கிழமைதான். பயமாக இருக்கிறது. யாருடைய படகாக இருந்தாலும் ஒரே ஒரு மீனாவது வேண்டும். வெறும் பையோடு மேடைக்குப் பக்கத்தில் நின்று மற்றவர்களைப் பார்த்துக் கைதட்ட என்னால் இனி முடியாது.

ரோண்டா

---

கில்லன்
செப்டம்பர் 23, 1997

என் கண்ணான தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்பி நேராகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் நீயே கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய்.

வெள்ளிக்கிழமை மாலை கூட்டத்தில் ஹார்லன் உட்கார்ந்திருந்தான். கென்டக்கி ஏரியில் தண்ணீர் கலங்கிவிட்டதாம். சரி, முப்பது படகு இருக்கிறதே என்று நினைத்தேன். போட்டி நடத்தும் கார்வர் சீட்டுகளை எடுத்து வாசித்துக்கொண்டே வந்தார். "பதினேழாம் எண் படகு, ஹார்லன் ஸ்ட்ரவுட். பின் தட்டு..." என்று நிறுத்திவிட்டார். என் பேர்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஊரில் எல்லோருக்கும் எங்கள் கதை தெரியும்.

"மறுபடி குலுக்கணும்னா சொல்லும்மா ரோண்டா," என்றார் கார்வர். "யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

ஹார்லன் தொப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். முடிவை எனக்கு விட்டுவிட்டான் என்று புரிந்தது. உறவினர் இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தவள் நான். இப்போது மாற்றச் சொன்னால் அது பொய்யாகிவிடாதா? "சீட்டு எப்படி விழுந்துச்சோ அப்படியே இருக்கட்டும் கார்வர்," என்றேன்.

காலையில் இறங்குதுறையில் இருவரும் குட்மார்னிங் சொல்லிக்கொண்டோம், வங்கியில் சந்தித்தவர்களைப் போல. பழக்கத்தில் நான் இழுவண்டிப் பக்கம் நடந்துவிட்டேன். அவன்தான் சொன்னான், "இன்னிக்கு அது என் வேல."

கோகர் தீவுக்குக் கீழே, அடித்தரை சட்டென்று இறங்கும் விளிம்பில் படகை நிறுத்தினான். அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள், நல்ல இழுப்பு. முன் மோட்டாரை மிதித்துப் படகைக் குறுக்கே திருப்பினான், அந்த விளிம்பு முழுவதும் எனக்கும் எட்டும்படி. அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"என்ன பண்ற?" என்றேன்.

"நீயும் எறியட்டும்னுதான்."

"என் எடத்துல வேற யாராவது நின்னா இப்படித் திருப்புவியா?"

பொய் சொல்லத் தெரியாதவன். "மாட்டேன்," என்றான்.

"அப்ப நேரா புடி."

நேராகப் பிடித்தான். அந்த நிமிடத்தில் அவனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. திரும்பிப் போகும் அளவுக்கு இல்லை, நீ எதையும் கணக்குப் போடாதே.

அதற்குப் பிறகு அவன் அவனாகவே மீன் பிடித்தான். முங்கி ஓடும் இரை, வேகம், அடுத்த எறி, அடுத்த இடம். நான் அவன் கடந்துபோன தண்ணீரில் ஈயக்குண்டை இறக்கி, அரை அடி இழுத்து, அப்படியே விட்டேன். மனசுக்குள் எண்பது வரை எண்ணுவேன். பிறகு அரை அடி. பத்து மணிக்கு ஒன்று, கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, இரண்டும் போட்டிக்கு வேண்டிய நீளத்தைச் சரியாகத் தொட்டவை. அவனுக்கு ஒன்றுகூட இல்லை.

பன்னிரண்டரைக்கு நரம்பு தானாகவே பக்கவாட்டில் நகர்ந்தது. அறுத்த கோல் நடுவரை வளைந்துவிட்டது. மீன் மோட்டாருக்கு அடியில் ஓடியது, நான் கோலின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டுச் சுற்றி வந்தேன். "வலை," என்று கத்தினேன். ஹார்லன் அப்போதுதான் எறிந்திருந்தான், இரை இன்னும் காற்றில் இருந்தது. கோலை அப்படியே போட்டுவிட்டு, வலையை எடுத்துக்கொண்டு பின் தட்டுக்கு ஓடிவந்து மண்டியிட்டான். தலைப் பக்கமிருந்து, ஒரே முறையில், சுத்தமாக அள்ளினான். நாலு பவுண்டுக்கு மேல். நான் கோலைப் பிடித்திருக்க, முள்ளை அவன்தான் கழற்றிக் கொடுத்தான். மீனை உடனே என் கையில் வைத்துவிட்டான், தான் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை.

"எவ்ளோ நேரம் அசையாம விட்ட?" என்றான்.

"எண்பது எண்ணுற வரைக்கும்."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாருமில்ல. பதினோரு வருஷம் உன் பின்னாடி இருந்தேன் ஹார்லன். நீ தாண்டிப் போன தண்ணியில மீன் சுழிக்கிறது எனக்குத் தெரியும். நீ திரும்பிப் பாத்ததில்ல."

அவன் வலையை உதறி மடித்தான். வெகுநேரம் மடித்தான். பிறகு முன்னால் போய்விட்டான், மாலை வரை நல்ல விதமாகவே படகை நடத்தினான்.

மேடையில் என் மூன்று மீன் ஒன்பது பவுண்டு நாலு அவுன்ஸ். பின் தட்டுக்காரர்களில் ஆறாவது இடம். ஹார்லனுக்கு இரண்டு மீன், அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, பெர்லீன்தான் இறங்குதுறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது அவன் டிரக் பக்கம் வந்து, வசந்த காலத்தில் ஜோடிப் போட்டி ஒன்று வருகிறது, சேர்ந்து போகலாமா, முன் தட்டை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாம் என்றான். மனசாரத்தான் கேட்டான். வேண்டாம் என்றேன். "குலுக்கல்ல வந்தா வர்றேன்."

இதோடு புகைப்படம் வைத்திருக்கிறேன். யார் எடுத்தது என்று கேட்காதே, விரல் பாதி மறைத்திருக்கிறது, பெர்லீன்தான்.

எல்லையில்லா அன்போடு
ரோண்டா

---

யோகோசுகா
அக்டோபர் 9, 1997

அக்கா,

நலம். பஞ்சு வைத்துக்கொள்கிறேன், இன்று முதல்.

நான்காவது கோலைப் பற்றி நான் சொன்னது தப்பு. எண்பது எண்ணுவது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இருபதுக்கு மேல் என்னால் எதற்கும் காத்திருக்க முடியாது. அடுத்த வருடம் நான் விடுப்பில் வரும்போது அந்தக் கோலை ஒரு நாள் எனக்குக் கொடு.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் உரக்கப் படித்தேன், வலை வருகிற பகுதியை மட்டும், பேரை விட்டுவிட்டு. எங்கள் தலைமை இயந்திரக்காரர் அர்கன்சாஸ்காரர், பாஸ் மீன்பிடிப்பிலேயே ஊறியவர். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். நாலு பவுண்டு மீனை மோட்டாருக்கு அடியிலிருந்து சுற்றிக் கொண்டுவந்தாள் என்றால் உன் அக்கா சாதாரண ஆள் இல்லை என்றார். புகைப்படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள், விரலோடு சேர்த்து.

பிறகு அவர் கேட்டார், எறிந்த கோலைப் போட்டுவிட்டு வலையோடு ஓடிவந்தானே, அந்தப் படகுக்காரன் யார், பேர் என்ன என்று.

தெரியாது, சீட்டில் விழுந்த யாரோ ஒருத்தர் என்று சொல்லிவிட்டேன்.

உன் தம்பி
கெண்டல்